கூடு ஓரிடம், இரை ஓரிடம்

(திருவொற்றியூரில் நடைபெற்ற தமிழ்மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம் மன்றத்தில் வழக்கமாகச் சொல்லாய்வு பற்றியும் ஆட்சிமொழி பற்றியும் பயிற்றுமொழி பற்றியும் பேசுவார்கள். எனக்கோ 'நீர்ப்பறவைகளும் நீர்நிலைகளும்' என்னும் தலைப்பைத் தந்திருக்கின்றார்கள். சற்று முன், அன்பர் ஒருவர் என் அருகே வந்து, "ஐயா, வேலையின்றித் திரியும் இளைஞர்களைப் பற்றிப் பேசாமல், கொக்கையும் நாரையையும் பற்றிப் பேசவா இத்துணைத் தொலைவு வந்தீர்கள்?" என்று கேட்டார். கேட்டவர் நமக்குப் பகைவர் அல்லர், நம்மவர், ஆலையொன்றில் பல்லாண்டு உழைத்துப் பின் வேலையிழந்து நிற்பவர். அவர்க்கு விடை சொல்வதையே என் உரையின் வேலையாக வைத்துக்கொள்கின்றேன். அவர் முன் வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றார். விடை நிறைவாக இல்லையெனின் எழுந்து கேட்கட்டும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு சொல். யான் கத்திவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். என் பாட்டியார் எண்ணூர்க் கழியில் கையால் துழாவி இறால் பிடித்தவர். பனையோலைப் பறியைப் பல்லாற் கடித்துக்கொண்டு, மார்பளவு நீரில் அமர்ந்து நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறாலை எடுத்துப் பறியில் இடுவார். என் தந்தையாரோ இவ் வட்டாரத்து ஆலையொன்றில் முப்பதாண்டுகள் உழைத்தார். ஆகவே கழியின் இறாலும் எனக்குச் சோறிட்டது. ஆலையின் புகையும் எனக்குச் சோறிட்டது. ஆலைகளையெல்லாம் இடித்துத் தள்ளுங்கள் என்று பேச இங்கு வரவில்லை. அவ்வாறு பேச எனக்கு உரிமையும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கின்றேன். ஆலை வைக்க இடம் தேடி வந்தவர்கள் எதற்காக இந்தக் கழியைத் தேர்ந்தார்கள்? இங்கே ஒன்றுமில்லை என்று கருதியதால். வருவாய்க் கணக்கில் இது 'புறம்போக்கு'.

அச்சொல்லின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஊரின் நிலத்தை அளந்து, வரி வாங்கும் நிலத்தைத் தனியே வைத்து, வரிக்கணக்கிற்குப் புறமாகப் போக்கப்பட்ட நிலத்தைப் புறம்போக்கு என்றார்கள். ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் வெளி, களம், இடுகாடு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஒருவர்க்கும் தனியுரிமை ஆகாமல் அனைவர்க்கும் பொதுவாய்ப் பயன்படுவது அது. அத்தகைய சொல்லை இன்று எப்படி ஆளுகின்றோம்? எதற்கும் உதவாதவனைத் திட்டுவதற்கு ஆளுகின்றோம். 2017ஆம் ஆண்டு சனவரியில், இந்த எண்ணூர்க் கழியில் நின்றுகொண்டே பாடகர் ஒருவர் பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' பலருடைய காதுக்கும் எட்டியது. அப்பொழுதுதான் நம்மில் சிலர்க்கே அச்சொல்லின் முன்னைப் பொருள் நினைவுக்கு வந்தது. ஒரு சொல்லை முதலில் இழிவுபடுத்தினார்கள். பிறகு அச்சொல் குறித்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். சொல்லாய்வு மன்றத்தில் நீர்நிலையைப் பற்றிப் பேச இதனினும் வேறு கரணியம் வேண்டுமா?

நீர் நிற்கும் இடங்களுக்குத் தமிழன் வைத்த பெயர்கள்தாம் எத்தனை! கயம், பொய்கை, இலஞ்சி, மடு, ஏரி, ஏந்தல், தாங்கல், குளம், குட்டை, ஊருணி, கண்மாய், பழனம், கழி, காயல். அரசினர் இவை யாவற்றையும் இப்பொழுது 'ஈரநிலம்' என்னும் ஒரு சொல்லால் குறிக்கின்றனர். நல்ல சொல்தான், குற்றமில்லை. ஆயினும் ஊருணி உண்பதற்கு, ஏரி ஏர்த்தொழிலுக்கு, தாங்கல் வழிந்துவரும் நீரைத் தாங்கிக்கொள்வதற்கு என்று பெயரிலேயே பயனைப் பதித்து வைத்த மக்களின் பிள்ளைகள், அதே நீரைப் பார்த்துப் 'பயனற்ற நிலம்' என்று எழுதிய கோப்பில் கையெழுத்திட்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இத் திருவொற்றியூரிலேயே தாங்கல் என்றொரு பகுதி உண்டு. பெயர் நிற்கின்றது. அப் பெயர் குறித்த நீரை எங்கே போய்த் தேடுவது?

பறவைகளும் அவ்வாறே. ஐங்குறுநூற்றில் நெய்தல் பற்றிய நூறு பாடல்களைப் பாடியவர் அம்மூவனார். பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்ட அந் நூற்றில், ஒரு பத்துக்கு வெள்ளாங்குருகுப் பத்து என்று பெயர்; இன்னொரு பத்துக்குச் சிறுவெண்காக்கைப் பத்து என்று பெயர். கழிக்கரையில் வாழும் பறவையின் பெயராலேயே பத்துப் பாடல்களைத் தொகுத்துப் பெயரிட்ட மொழி இது. அம் மொழி பேசுவோரின் கழி இன்று எந்நிலையில் உள்ளது என்பதைச் சொல்கின்றேன்.

கொசத்தலையாறு மேற்கேயிருந்து வருகின்றது. பூண்டி நீர்த்தேக்கத்தில் தேங்கி, நிரம்பினால் மீண்டும் இறங்கி, வல்லூர் அணையைத் தாண்டி, எண்ணூரில் கடலோடு கலக்கின்றது. கலக்குமுன் அகன்று பரந்து கழியாகின்றது. வடக்கே பழவேற்காட்டுக் காயல். தெற்கே மணலியின் தாழ்நிலங்கள். இவற்றையெல்லாம் பக்கிங்காம் கால்வாய் கோத்து நிற்கின்றது. ஓதம் ஏறும்பொழுது கடல்நீர் உள்ளே வரும்; இறங்கும்பொழுது சேற்றுவெளி வெளிப்படும். நாள்தோறும் இருமுறை பரப்பப்படும் உணவுத்தட்டு அது. அச் சேற்றில் புழுவும் நத்தையும் நண்டுக்குஞ்சும் இறாற்குஞ்சும் அளவின்றிக் கிடக்கும்.

அதை உண்ண வரும் பறவைகளின் அமைப்பைப் பாருங்கள். உள்ளானின் அலகு மெல்லியது. சேற்றின் மேற்பரப்பைக் குத்தும். அரிவாள்மூக்கனின் அலகு வளைந்தது, ஆழத் துழாவும். மஞ்சள்மூக்கு நாரை தன் அலகைச் சற்றே திறந்தவாறு நீருக்குள் வைத்து இங்குமங்கும் வீசும். மீன் பட்டவுடன் மூடிக்கொள்ளும். கண்ணால் கண்டு பிடிப்பதன்று, தொட்டுணர்ந்து பிடிப்பது. என் பாட்டியார் கையால் செய்ததை நாரை அலகால் செய்கின்றது. ஆகவே கலங்கிய நீரிலும் அது மீன் பிடிக்கும், ஆனால் நீர் முழங்கால் ஆழத்தில் இருக்கவேண்டும், மீன் செறிந்திருக்கவேண்டும். கூழைக்கடா தன் அலகின் கீழுள்ள பையை வலைபோல் விரித்து, பெரும்பாலும் கூட்டமாய்ச் சேர்ந்து மீனை வளைக்கும். பாடு முறை வைத்து முறை மாற்றி வலையிடும் பழவேற்காட்டு மீனவர்க்கு அதைப் பார்த்தால் வியப்பிராது.

இப்பொழுது அச் சேற்றின்மேல் சாம்பலைக் கொட்டுங்கள். என்ன ஆகும்?

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது. வல்லூரில் 1,500 மெகாவாட்டு நிலையம் வந்தது. 2024இல் வடசென்னையில் மேலும் 800 மெகாவாட்டு அலகு ஒன்று சேர்ந்தது. நிலக்கரியை எரித்தால் சாம்பல் மிஞ்சும். அதை நீரிற் கரைத்துக் குழம்பாக்கி, ஆற்றைக் கடக்கும் குழாய்கள் வழியே செப்பாக்கத்துச் சாம்பற் குளத்துக்கு அனுப்பினார்கள். குழாய்கள் துருப்பிடித்தன, உடைந்தன, ஒழுகின. ஆண்டுக்கணக்கில் ஒழுகின. சாம்பல் மாவினும் நுண்ணியது. சேற்றின்மேல் படிந்து இறுகினால் உள்ளிருக்கும் புழு மூச்சடைத்து மாளும். மீனின் செவுளில் ஒட்டினால் மீன் மாளும். ஆற்றின் அடித்தளம் மேலெழுந்தது. மார்பளவு நீர் நின்ற இடத்தில் இன்று கணுக்கால் நனைகின்றது. ஆழம் குறைந்தால் ஓதம் உள்ளே வருவதும் குறையும். ஒரு குழாய் ஒழுகல் ஓர் ஆற்றின் மூச்சையே மாற்றிவிட்டது. 2022இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இக் கேட்டினை உறுதிசெய்து, கழியை மீட்குமாறு ஆணையிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் பேராசிரியரோ அமைச்சரோ அல்லர்; இவ் வட்டாரத்து மீனவர்.

சாம்பலோடு நின்றதா? ஆற்றுக்குள் மின்கோபுரம் நடவும் கரி கொண்டுசெல்லும் பாதை அமைக்கவும் மண்ணைக் கொட்டி மேடு செய்தார்கள். துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றிக் கிடங்குகளும் எண்ணெய்த் தொட்டிகளும் உப்பளங்களின்மேல் எழுந்தன. இன்னும் ஒரு கூத்து உண்டு. 1996இல் நடுவணரசு ஒப்பிய கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழி கழியாகவே, கட்டடம் கட்டக்கூடாத நிலமாகவே காட்டப்பட்டிருக்கின்றது. ஆனால் அலுவலகங்களில் பின்னர்ப் புழங்கியது வேறொரு வரைபடம்; அதில் 6,000 ஏக்கருக்கு மேற்பட்ட இக் கழி இல்லவே இல்லை! இது 2017இல் வெளிப்பட்டது. ஆற்றை அள்ளிக்கொண்டு போகக் கள்வனாலும் ஆகாது. வரைபடத்தில் ஒரு கோடு போதும், ஆறு காணாமற் போய்விடும். அன்று மீனவர்கள் தங்கள் படகின்மீது நின்றுகொண்டு, 'இதோ ஆறு, இதோ ஆறு' என்று அரசுக்குக் காட்டவேண்டிய நிலை வந்தது.

இங்கே ஒருவர் இடைமறித்துக் கேட்கலாம்: "சரி ஐயா, இங்கே இரை இல்லையென்றால் பறவை வேறிடம் போகும். அதற்கென்று வேடந்தாங்கல் இருக்கின்றதே, அரசு காக்கின்றதே" என்று. இந்த எண்ணம்தான் படித்தவர்களிடமும் இருக்கின்றது. ஆகையால் வேடந்தாங்கலுக்கு ஒருமுறை போய்வருவோம்.

வேடந்தாங்கல் ஏரி மிகச் சிறியது. ஏறத்தாழ 73 ஏக்கர். இந்த எண்ணூர்க் கழியோடு ஒப்பிட்டால் ஓர் உள்ளங்கை. அதன் நடுவே நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும், அரிவாள்மூக்கனும், நீர்க்காகமும், பாம்புத்தாராவும், வக்காவும் கூடு கட்டுகின்றன. பெரும்பாலும் கார்த்திகையில் தொடங்கிப் பங்குனி வரை. ஏன் நீரில் நிற்கும் மரம்? நாயும் நரியும் பூனையும் நீந்தி வந்து மரமேறா. மரத்தைச் சுற்றி நீர் நிற்கும்வரை கூட்டுக்குக் காவல் உண்டு. குஞ்சு பறக்கக் கற்குமுன் நீர் வற்றினால், தாய்ப்பறவை கூட்டைக் கைவிடும்.

இந்த ஏரியைக் காத்தது யார்? அரசு காத்தது என்பது பிற்காலக் கதை. வெள்ளைக்காரப் படையினர் வந்து நாரைகளைச் சுட்டபொழுது, ஊர் உழவர்கள் செங்கற்பட்டில் தண்டல் அலுவலராய் இருந்த இலியோனல் பிளேசு என்பாரிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடக்கூடாதென்று 1798இல் ஆணை பெற்றார்கள் என்பது வரலாறு. வேட்டைக்காரனின் தாங்கல் என்று பெயர் பெற்ற ஊர், வேட்டையைத் தடுத்த ஊராயிற்று! உழவர்கள் அருள் உணர்ச்சி ஒன்றால் மட்டும் அதைச் செய்யவில்லை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல் செழித்தது; எருவிட வேண்டிய செலவு குறைந்தது. பறவை அவர்கள் வயலுக்கு வேலை செய்தது. அவர்கள் பறவைக்குக் காவல் செய்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதையும் அவ்வூரார் விட்டார்கள். முன்வரிசை அன்பர்க்கு யான் சொல்லும் முதல் விடை இதுதான்: தங்கள் வயிற்றை மறந்தவர்கள் அல்லர், தங்கள் வயிற்றை நன்கு அறிந்தவர்களே பறவையைக் காத்திருக்கின்றார்கள்.

அத்தகைய இடத்துக்கும் இடர் வந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை புகலிடமாக அறிவித்திருந்தார்கள். 2020இல் அவ்வெல்லையைச் சுருக்க முயன்றார்கள். அவ்வெல்லைக்குள் ஆலைகளும் இருந்தன, விரிவடைய விரும்பிய மருந்துத் தொழிற்சாலையும் இருந்தது. எதிர்ப்பெழுந்த பின் அம் முயற்சி கைவிடப்பட்டது. 73 ஏக்கர் ஏரிக்கு எதற்கு 5 கிலோமீட்டர் என்று அன்று பலர் கேட்டார்கள். விடை எளிது. கூட்டில் இருக்கும் குஞ்சு ஏரியில் உண்பதில்லை. வேடந்தாங்கல் ஏரியில் அத்தனை ஆயிரம் பறவைக்கும் ஊட்ட மீன் எங்கே இருக்கின்றது? பெற்ற பறவைகள் சுற்றிலும் உள்ள ஏரிகளுக்கும் வயல்களுக்கும் கழிகளுக்கும் பறந்து சென்று, இரையைக் கொண்டு வந்து ஊட்டுகின்றன. கூடு ஓரிடம், இரை ஓரிடம்.

நமக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள், நேலப்பட்டு என்றோர் ஏரி இருக்கின்றது. அங்கும் நீர்க்கடம்ப மரங்கள். அங்கும் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. அவற்றின் இரைக்களம் பழவேற்காடு. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பறந்து வந்து மீன் கொண்டுசெல்கின்றன. தெற்கே வேடந்தாங்கலும் கரிக்கிலியும், வடக்கே நேலப்பட்டு, இடையே பழவேற்காடும் எண்ணூரும் பள்ளிக்கரணையும். இவற்றை ஒரு வீட்டின் அறைகளாகக் காணவேண்டும். பள்ளியறையைப் பூட்டிக் காவல் வைத்துவிட்டு, அடுக்களையை இடித்துச் சாம்பல் கொட்டினால் அந்த வீட்டில் யார் வாழ்வார்?

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்வதற்கே வருத்தமாக இருக்கின்றது. 2023 திசம்பர் 4ஆம் நாள் மிக்சாம் புயல் மழை. ஆற்றில் வெள்ளம். அவ்வெள்ளத்தோடு மணலி எண்ணெய்த் தூய்ப்பாலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெளிப்பட்டுப் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிக்குள் வந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் எனக் குப்பந்தோறும் வீட்டுச் சுவரில் கருங்கோடு படிந்தது. கடலில் ஏறத்தாழ 20 சதுரக் கிலோமீட்டர் வரை படலம் பரவியதாகக் கடலோரக் காவற்படை சொன்னது. படகும் வலையும் பாழ். அந்த எண்ணெயை அள்ளியவர் யார்? நம் மீனவர்களே வாளிகளைக் கொண்டு கையால் அள்ளினார்கள். பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கின்றீர்கள். அள்ளியவர்களும் இருக்கின்றீர்கள்.

அந்நாள்களில் மார்பும் இறகும் கறுத்த கூழைக்கடாக்கள் கழியில் நின்றன. வெண்ணிறப் பறவை தாரில் தோய்ந்தாற்போல. வனத்துறையினர் பிடித்துக் கழுவ முயன்றனர். பறக்கும் ஆற்றல் உள்ள பறவை எளிதில் கைக்கு அகப்படுமா? எண்ணெய் பட்ட இறகு நீரைத் தடுக்காது. பறவை நனைந்து குளிரும். அலகால் இறகைக் கோதும்பொழுது எண்ணெய் வயிற்றுக்குள் போகும். இவை பலர்க்கும் தெரியும். பலர்க்குத் தெரியாத ஒன்று உண்டு. திசம்பர் என்பது கூடு கட்டும் பருவம். முட்டைமேல் அமரும் பறவையின் மார்பு இறகில் எண்ணெய் இருந்தால் அது முட்டையோட்டில் படியும். ஓட்டின் நுண்துளைகள் வழியாகத்தான் கரு மூச்சு வாங்குகின்றது. சில நுண்துளி எண்ணெய் ஓட்டின்மேல் பட்டாலே கரு இறந்துபடுவதை வாத்து முட்டைகளில் ஆய்ந்து கண்டிருக்கின்றார்கள். மணலியில் ஒழுகிய எண்ணெய் எத்தனை கல் தொலைவில் உள்ள எந்தக் கூட்டை அவித்தது என்று கணக்கெடுத்தவர் எவருமிலர். வேடந்தாங்கலுக்குப் போட்ட வேலி, எண்ணூரிலிருந்து இறகில் ஒட்டிவரும் எண்ணெயைத் தடுக்காது என்பது மட்டும் உறுதி.

இதுவரை நெடுந்தொலைவு பறக்கும் பெரும்பறவைகளைப் பற்றிச் சொன்னேன். நம் காலடியிலேயே குஞ்சு பொரிக்கும் சிறுபறவைகள் உண்டு. மணலி, கடப்பாக்கம், மாதவரம், இரட்டேரி, கொரட்டூர் எனக் கடலிலிருந்து உள்வாங்கிய நன்னீர் ஏரிகளில் முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டும்; நாமக்கோழியும் நீலத்தாழைக்கோழியும் கோரைக்குள் மறைந்து முட்டையிடும்; இலைக்கோழி தாமரை இலைமேலேயே முட்டையிடும். உப்பள வரப்பில் நெடுங்கால் உள்ளான் தரையிலேயே நான்கு முட்டை இடும். அருகே போனால் தலைக்குமேல் பறந்து கத்தும். இவற்றுக்குப் புகலிடமும் இல்லை, அறிவிப்புப் பலகையும் இல்லை. கழிவுநீர் வாய்க்கால் திரும்பும் பக்கமெல்லாம் இவற்றின் வீடு போகின்றது.

கழிவுநீரை விட்டு ஏரியைக் கொல்வது ஒரு முறை. அழகு செய்து கொல்வது இன்னொரு முறை! அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஏரியைச் 'சீர்செய்கிறோம்' என்று கோரையை முழுதும் பிடுங்குகின்றார்கள். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல்பதித்து நடைபாதை போடுகின்றார்கள். இரவெல்லாம் விளக்கு எரிய விடுகின்றார்கள். படகும் விடுவார்கள். நடப்பவர்க்கு நன்று, எனக்கும் நடக்கப் பிடிக்கும். ஆனால் கோரை இல்லாத ஏரியில் தாழைக்கோழி எங்கே முட்டையிடும்? சரிந்த ஆழமற்ற கரை இல்லாவிடில் உள்ளான் எங்கே நிற்கும்? ஒரு பக்கக் கரையை நடப்பவர்க்கு விடுங்கள். மறு பக்கத்தைச் சேறும் கோரையுமாய் அப்படியே விடுங்கள். நடுவில் ஒரு மண்திட்டும் சில கருவேல மரமும் விடுங்கள். இதற்குப் பணம் கூடச் செலவாகாது, குறையும்.

கொரட்டூரில் ஏரிப் பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்று ஒன்றை ஊரார் வைத்திருக்கின்றார்கள். ஆலைக் கழிவும் வீட்டுக் கழிவும் ஏரிக்குள் வருவதை எதிர்த்துப் பல்லாண்டாய் வழக்கும் முறையீடுமாய் நிற்கின்றார்கள். வேடந்தாங்கல் உழவர்களின் வேலையைத்தான் அவர்கள் செய்கின்றார்கள். அவர்களுக்கு இன்னும் ஓர் ஆணை முழுதாய்க் கிட்டவில்லை, அவ்வளவே வேறுபாடு.

சரி, யாரிடம் போய் முறையிடுவது? அதுவே ஒரு பெருஞ்சிக்கல். பறவை வனத்துறைக்கு உரியது. அது நிற்கும் நீர் நீர்வளத்துறைக்கு உரியது. நீருக்குள் இருக்கும் மீன் மீன்வளத்துறைக்கு. அருகிலுள்ள உப்பளம் நடுவணரசின் உப்புத்துறைக்கு. மேலே விழும் சாம்பல் மின்துறைக்கு. கரையோரச் சாலை மாநகராட்சிக்கு. ஒரு நாரை ஒரு காலைத் தூக்கி மறுகாலை வைப்பதற்குள் இரண்டு துறைகளைக் கடந்துவிடுகின்றது! எல்லாரும் உடையவர், ஆனால் காப்பவர் எவருமிலர்.

1971 பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டு இராம்சர் நகரில் பல நாட்டார் கூடி ஈரநிலங்கள் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தனர். இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. அவ்வுடன்படிக்கை உள்நாட்டு ஏரியை மட்டும் ஈரநிலம் என்று சொல்லவில்லை. கழியும், ஓதம் வற்றும்பொழுது 6 மீட்டர் ஆழம் வரையுள்ள கடலோரமும் ஈரநிலமே என்று வரையறுத்தது. பறவை எல்லை பார்ப்பதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பள்ளிக்கரணையும் 2022இல் அப் பட்டியலில் ஏறின. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இத்தகைய இடங்கள் 20 ஆயின; இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்துணை இல்லை. மகிழ்ச்சிதான். ஆனால் அவ்விருபதில் எண்ணூர்க் கழி இல்லை. தென்சென்னையில் பள்ளிக்கரணை இருக்கின்றது. வடசென்னையில் ஒன்றும் இல்லை. இந்நகரின் கரியும் எண்ணெயும் குப்பையும் மட்டும் வடசென்னைக்கு வருகின்றன. கொடுங்கையூர்க் குப்பைமேட்டைப் பார்த்தவர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இனி மீட்கவே முடியாது என்று சிலர் சொல்வர். அதை யான் ஏற்கவில்லை. ஈராக்கு நாட்டில் யூப்பிரட்டீசு, தைகிரீசு ஆறுகள் சேருமிடத்தில் பெரும் நாணற் சதுப்பு இருந்தது. 1990களில் அந்நாட்டு ஆட்சியாளர் தம்மை எதிர்த்த மக்களை ஒடுக்கக் கரை கட்டி அதை வற்றச் செய்தார். பாலையாகிப் போயிற்று. 2003இல் அவ்வாட்சி வீழ்ந்தவுடன் அங்குள்ள மக்களே கரைகளை வெட்டிவிட்டார்கள். நீர் வந்தது, நாணல் முளைத்தது, பறவையும் எருமையும் மனிதரும் திரும்பினர். முழுதும் மீளவில்லை, இன்றும் நீர்ப்பற்றாக்குறை அவர்களை வாட்டுகின்றது. ஆனால் பாலையில் நாணல் முளைத்தது உண்மை. எண்ணூரில் அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. சாம்பலை வாரி எடுத்து, மேடிட்ட பாதைகளை அகற்றினால் ஓதம் தானே உள்ளே வரும். ஓதம் வந்தால் சேறு வரும், அலையாத்தி முளைக்கும், இறால் வரும். இறாலுக்குப் பின் யார் யார் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இப்பொழுது முன்வரிசை அன்பர்க்கு மீதி விடை. வேலை கேட்டீர்கள். சாம்பலை அள்ளுவதும் ஆற்றைத் தூர்வாருவதும் அலையாத்தி நடுவதும் ஏரிக்கரை காப்பதும் வேலை அல்லவா? அவ்வேலையை ஒப்பந்தக்காரரின் இயந்திரத்துக்கு முழுதாய்க் கொடுக்காமல், இக் குப்பங்களின் இளைஞர்க்கும், உங்களைப் போல் ஆலையில் பொறிகளோடு பழகியவர்க்கும் கூலி கொடுத்துச் செய்விக்கவேண்டும் என்று கேட்போம். எண்ணெய் அள்ளுவதற்கு மட்டும் உள்ளூர்க் கைகள் வேண்டும். சீர்செய்யும் பணத்துக்கு மட்டும் வெளியூர்க் கைகளா? அடுத்தது வெள்ளம். பூண்டியிலிருந்து திறந்த நீர் கடலை அடையும் வாய் இக் கழி. வாயை அடைத்தால் எர்ணாவூரிலும் மணலியிலும் சடையங்குப்பத்திலும் உங்கள் வீட்டுக்குள்தான் அந்நீர் வரும். 2015இலும் 2023இலும் வந்தது. நாரைக்கு இடம் விட்ட நிலம் வெள்ளத்துக்கும் இடம் விடுகின்றது. கேட்கவேண்டியவை வேறு சிலவும் உண்டு. 1996 வரைபடத்தை வைத்து எல்லைக்கல் நடவேண்டும். குழாய் ஒழுகினால் அன்றே நிலையத்தை நிறுத்தும் ஏற்பாடு வேண்டும். கழியை ஈரநிலமாக அறிவிக்கும்பொழுது மீனவரை வெளியேற்றும் விதி எதுவும் அதில் நுழையாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும். பறவையின் பெயரால் மீனவரைத் துரத்திய இடங்களும் இந்நாட்டில் உண்டு என்பதை மறந்துவிட வேண்டா.

கணக்கு இல்லாதவன் வழக்கில் தோற்பான். எத்தனை பறவை, எந்தத் திங்களில், எந்த இடத்தில், எந்த மரத்தில் எத்தனை கூடு என்று நம்மிடம் எழுதி வைத்த கணக்கு வேண்டும். ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கின்றது. அதற்கு வருபவர்கள் ஒரு நாள் வந்து போய்விடுவார்கள். நமக்கு ஆண்டு முழுதும் கணக்கு வேண்டும். ஆகவே மன்றத்துத் தம்பிகளும் யானும் ஒரு முடிவு செய்திருக்கின்றோம். வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு முகத்துவாரக்குப்பத்தில் கூடுகின்றோம். மீனவ நண்பர் இருவர் படகு தர ஒப்பியிருக்கின்றனர். ஒரு படகில் எட்டுப் பேர் அமரலாம். கணக்கேடு மன்றத்தில் வைக்கப்படும். பறவைப் பெயரைத் தமிழில் எழுதுவோம். ஒரு பறவைக்கு உங்கள் குப்பத்தில் வேறு பெயர் வழங்கினால் அதையும் பக்கத்தில் எழுதுவோம். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். தொப்பியும் குடிநீரும் கொண்டு வாருங்கள். வெண்ணிற ஆடை வேண்டா, பறவை மருளும். பெயர் கொடுக்க விரும்புவோர் வாயிலில் நிற்கும் தம்பியிடம் கொடுக்கலாம். முன்வரிசை அன்பர் பெயரை யானே எழுதிவிட்டேன். வராவிடில் வீட்டுக்கே வந்து அழைப்பேன்.